மரவில்லை ரூன் பெட்டி: வில்லைக்காக வாங்கலாம், கையேட்டுக்காக வேண்டாம்

ரூன் என்பது வட ஐரோப்பாவின் பழைய எழுத்து. அதைப் பொறித்த வில்லைகளை எடுத்துக் குறி பார்ப்பதற்கான பெட்டி இது. உள்ளே இருப்பவை: பிர்ச் மரக்கிளையைக் குறுக்கே அறுத்த 25 வில்லைகள், கறுப்பு வெல்வெட் சுருக்குப்பை, கையடக்கமான ஒரு கையேடு. விலை 1,500 ரூபாயை ஒட்டி. மூடியில் பொன்னெழுத்தில் ‘2,000 ஆண்டுப் பழமையான வைக்கிங் குறிமுறை’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஒரே வரியில் இரண்டு பிழை. வைக்கிங் காலம் தொடங்கியதே 8-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான். அப்போது ஸ்காண்டிநேவியாவில் புழங்கியது 16 எழுத்து வரிசை. பெட்டியில் இருப்பதோ அதற்கும் மூத்த, ஃபுதார்க் எனப்படும் 24 எழுத்து வரிசை. ஸ்வீடனின் காட்லண்ட் தீவில் கிடைத்த கில்வர் கல்லில் சுமார் கி.பி. 400-இல் முழு வரிசையாகப் பொறிக்கப்பட்டது.

முதலில் வில்லைகள். விட்டம் 25 முதல் 30 மி.மீ., தடிமன் 6 மி.மீ. கைக்கு அடக்கமான அளவு, நல்ல கனம். விளிம்பில் மரப்பட்டையை அப்படியே விட்டிருக்கிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் தொல்லையும் அதுதான். ஒன்றில் பட்டை பெயர்ந்திருக்கிறது, இன்னொன்றில் கணு துருத்துகிறது. பத்துப் பதினைந்து தடவை பைக்குள் கையை விட்டால் எது எந்த எழுத்து என்று விரலுக்கே தெரிந்துவிடும். அதன்பிறகு வருவது குறி இல்லை, நாமே பொறுக்கி எடுப்பது. 120 நம்பர் உப்புத்தாளால் பட்டையை முழுக்கத் தேய்த்து எடுத்துவிட்டு, 240-ஆல் வழவழப்பாக்கி, ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெலிதாக ஒரு பூச்சு கொடுங்கள். அந்தத் துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள். எண்ணெய் உலரும்போது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். வெளியே விரித்துக் காயப்போட வேண்டும்.

அடுத்தது விரிசல். மரம் உலரும்போது ஆண்டு வளையத்தின் போக்கில் சுருங்குவது, மையத்துக்கும் விளிம்புக்கும் இடையே சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரு மடங்கு. அந்த இழுபறியைத் தாங்காமல் விளிம்பிலிருந்து மையம் நோக்கிப் பிளவு விழுகிறது. இந்தப் பெட்டியில் நான்கு வில்லைகளில் விழுந்திருக்கிறது. கோப்பை வைக்கும் பலகை என்றால் கண்டுகொள்ள வேண்டியதில்லை. ரூனில் ஒரு கோடு கூடினால் எழுத்தே மாறிவிடும். ஈசா என்பது ஒற்றை நெடுங்கோடு, பொருள் பனிக்கட்டி. அதன்மேல் சாய்வாக ஒரு பிளவு ஓடியிருப்பதால், விளக்கு வெளிச்சத்தில் அது நௌதிஸ் போலத் தெரிகிறது, அதாவது தட்டுப்பாடு. வாங்கியதும் 25 வில்லைகளையும் வெயிலில் பரப்பி ஒவ்வொன்றாகப் பாருங்கள். எழுத்தைத் தொடும் பிளவு இருந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

எழுத்துகளைச் சூடான முனையால் சுட்டிருக்கிறார்கள். சாயம் பூசியதுபோல அழியாது, அந்த மட்டில் நல்லது. ஆனால் கோட்டின் தடிமன் 2 மி.மீ. வரை போவதால் நுணுக்கம் கெட்டுவிட்டது. வுன்யோவின் முக்கோணம் தண்டின் உச்சியில் இருக்க வேண்டும், துரிசாஸின் முக்கோணம் நடுவில். இங்கே இரண்டும் பாதி வழியில் சந்தித்துக்கொள்கின்றன. ஒன்று மகிழ்ச்சி, மற்றது முள், அல்லது அரக்கன்! ஒதலாவின் அடியில் இரண்டு கால்களை வளைத்து நீட்டியிருப்பது இன்னும் மோசம். பழைய பொறிப்புகளின் ஒதலாவுக்கு அப்படிக் கால்கள் கிடையாது. கால் வைத்த வடிவம் நாஜி எஸ்.எஸ். படைப்பிரிவு ஒன்றின் சின்னமாக இருந்தது. தெரியாமல் செய்த தவறு என்றே வைத்துக்கொண்டாலும், உப்புத்தாளால் அந்தக் கால்களைத் தேய்த்து நீக்கிவிடுவது உத்தமம்.

இனி கையேடு. இருபத்தைந்தாவது வில்லை வெறுமையாக இருக்கிறது. ‘ஓடினின் ரூன், விதி’ என்கிறது கையேடு. ஓடின் வட ஐரோப்பியப் பழங்கதைகளின் தலைமைக் கடவுள். வெற்று ரூன் என்று ஒன்று எந்தப் பழைய கல்லிலும் இல்லை, எந்தப் பாடலிலும் இல்லை. 1982-இல் அமெரிக்காவில் ரால்ஃப் ப்ளம் வெளியிட்ட நூலின் வழியாகப் பரவிய சங்கதி அது. பையில் அதைப் போட்டு வைத்தால் மூன்று வில்லை எடுக்கும்போது 100-க்கு 12 தடவை அது வரும், விளக்கமோ ‘எல்லாம் விதிப்படி’. ஏதாவது ஒரு வில்லை தொலைந்துபோனால் அதன் எழுத்தை இதில் சுட்டுக்கொள்ளலாம். அதற்காக மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

தலைகீழாக விழுந்தால் என்ன பொருள் என்று 24 எழுத்துக்கும் எழுதியிருக்கிறார்கள். கையேட்டை எழுதியவர் வில்லைகளைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கவில்லை போலும். கெபோ, ஹகலாஸ், நௌதிஸ், ஈசா, யேரா, ஐவாஸ், சோவிலோ, இங்வாஸ், டகாஸ் ஆகிய ஒன்பதும் தலைகீழாகத் திருப்பினாலும் அதே வடிவம்தான். தலைகீழ் என்பதே இல்லை. வட்ட வில்லை பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் எந்தப் பக்கம் மேல் என்பதற்கும் பதில் இல்லை.

பழமைக்குச் சான்றாக ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸைக் காட்டுகிறார்கள். ஜெர்மானியரைப் பற்றிக் கி.பி. 98-இல் அவர் எழுதியது இதுதான்: காய்க்கும் மரத்தின் கிளையை வெட்டிச் சிறு துண்டுகளாக்கி, குறிகளிட்டு, வெள்ளைத் துணியில் கைபோன போக்கில் எறிவார்கள். ஊர் விஷயமென்றால் பூசாரி, வீட்டு விஷயமென்றால் குடும்பத் தலைவர், வானத்தை நோக்கி வேண்டிக்கொண்டு மூன்றை ஒவ்வொன்றாக எடுப்பார். குறி தடுத்தால் அன்று அந்தப் பேச்சையே எடுக்க மாட்டார்கள். அனுமதித்தால் பறவை நிமித்தம் பார்த்து உறுதி செய்வார்கள். நம் பக்கத்துப் பூக்கட்டிப் பார்த்தல் மாதிரி, உத்தரவு உண்டா இல்லையா என்பதே கேள்வி. இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று மூன்று வில்லைக்குப் பொருள் சொல்வது நம் காலத்து ஏற்பாடு. அந்தக் குறிகள் ரூன்கள்தானா என்பதையும் டாசிட்டஸ் சொல்லவில்லை. டென்மார்க்கின் விமோசே சதுப்பில் கிடைத்த, மிகப் பழைய ரூன் பொறிப்புகளில் ஒன்றான சீப்பே சுமார் கி.பி. 160-ஐச் சேர்ந்தது, அதாவது அவர் எழுதியதற்குப் பிந்தையது.

எழுத்தின் பொருளுக்குக் கையேட்டைவிட நம்பகமானவை, எழுத்துக்கு ஒரு கண்ணியாகப் பொருள் சொல்லும் பழைய ரூன் பாடல்கள்: பழைய ஆங்கிலம் 29 கண்ணி, நார்வே 16, ஐஸ்லாந்து 16. அல்கிஸ் என்றால் ‘பாதுகாப்பு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறது கையேடு. பழைய ஆங்கிலப் பாடலில் அது சதுப்பில் வளரும் கோரைப்புல். பிடிக்கப் போனவன் கையைக் கிழித்து ரத்தம் காட்டும். பாதுகாப்புதான், ஆனால் யாரை யாரிடமிருந்து? ஃபெஹுவுக்கு ‘பணவரவு’ என்கிறார்கள். ஐஸ்லாந்துப் பாடல் அதைச் சொந்தபந்தத்துக்குள் சண்டை மூட்டும் பொருள் என்கிறது. ஆங்கிலப் பாடல் ஆறுதல் என்று சொல்லிவிட்டு, கைநிறையப் பகிர்ந்து கொடுக்கவும் சொல்கிறது. ஒரு எழுத்துக்கு இந்த இரண்டு முகமும் தெரிந்தால்தான் குறி பேசும்.

வெல்வெட் பையின் வாய் குறுகல்; கை நுழைந்தால் வில்லைகளைக் கலக்க இடமில்லை. அதை ஒதுக்கிவிட்டு, 50 செ.மீ. சதுரத்தில் சாயமிடாத வெள்ளைப் பருத்தித் துணி வாங்கிக்கொள்ளுங்கள். உத்தரவு கேட்பதுபோல ஒரே கேள்வியை முதலில் எழுதிவையுங்கள். 24 வில்லைகளையும் இரு கையாலும் அள்ளி, துணிக்கு ஒரு சாண் உயரத்திலிருந்து விடுங்கள். அதைவிட உயரம் போனால் உருண்டு வெளியே ஓடும். துணிக்கு வெளியே விழுந்ததைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். முகத்தைத் திருப்பிக்கொண்டு மூன்றை எடுத்து, எடுத்த வரிசையிலேயே வையுங்கள். பிடிக்காத பதில் வந்தது என்பதற்காக அதே கேள்விக்கு அன்றே மறுபடி எறிவதுதான் புதிதாகத் தொடங்குபவர்கள் செய்யும் பெரிய தப்பு.

எழுதிவைக்கத் தனி நோட்டு வாங்க வேண்டியதில்லை. கையேட்டின் கடைசிப் பக்கங்கள் கோடு மட்டும் போட்டு வெறுமையாக இருக்கின்றன. தேதி, கேள்வி, மூன்று எழுத்து என்று குறித்துவைக்க அவை சரியாக இருக்கும்.