காமிக் சான்ஸா, காமிக் நியூவா?

இரண்டுமே கையால் எழுதியதுபோலத் தெரியும் ஆங்கில எழுத்துருக்கள்தான். மூத்தது காமிக் சான்ஸ். 1994-ல் மைக்ரோசாஃப்டில் இருந்த வின்சென்ட் கொனேர் உருவாக்கியது. 'மைக்ரோசாஃப்ட் பாப்' என்ற மென்பொருளில் ஒரு கார்ட்டூன் நாய், டைம்ஸ் நியூ ரோமனில் பேசிக்கொண்டிருந்தது. நாய்க்கு அது ஒட்டவே இல்லையே என்று, காமிக்ஸ் புத்தகங்களைப் பார்த்து இதை வரைந்தார். பாபுக்குள் சேர்க்க நேரம் போதவில்லை. பிறகு விண்டோஸோடு வந்து உலகமெங்கும் பரவியது.

இளையது காமிக் நியூ. 2014-ல் கிரெய்க் ரொசின்ஸ்கி வெளியிட்டார். கோணல் குறைவு, கோடுகள் சீர். திறந்த உரிமம் என்பதால் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். இணையதளத்துக்கும் ஆப்புக்கும் கவலையில்லாமல் போடலாம். மெல்லிய வடிவும் உண்டு.

ஆனால் சின்னப் பிள்ளைகளின் பயிற்சித்தாள் என்றால் என் ஓட்டு பழசுக்கே. அதில் 'a' என்ற சிறிய ஆங்கில எழுத்து, பிள்ளைகள் நோட்டில் எழுதுகிற அதே வட்டமும் கோடும். 'b', 'd' இரண்டும் அச்சு அசலான கண்ணாடிப் பிம்பங்கள் அல்ல, சற்றே வேறுபடும். அந்தக் கோணல்தான் அதன் பலம். நியூவிலும் இந்த 'a' உண்டு, கொஞ்சம் இஸ்திரி போட்டதுபோல.

2012-ல் ஐரோப்பாவின் செர்ன் இயற்பியல் ஆய்வகம் ஹிக்ஸ் போஸான் என்ற அணுவைவிடச் சிறிய துகளைப் பற்றி வெளியிட்ட அறிவிப்பில் காமிக் சான்ஸ் ஸ்லைடுகளைப் பார்த்துப் பலர் சிரித்தார்கள். துக்க அறிவிப்புக்கும் வக்கீல் நோட்டீஸுக்கும் இரண்டுமே வேண்டாம். பிறந்தநாள் அழைப்பிதழுக்கு நியூ போதும்.