கூடைப்பந்துக்கு ஒரு ஜாதகப் பதிவேடு: அமெரிக்கக் கல்லூரிகளின் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் பற்றி ஒரு மதிப்புரை

காரைக்குடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் உடற்கல்வி இயக்குநராக 29 ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஒரு சேவையைப் பயன்படுத்திப் பார்த்து அதன் நிறைகுறைகளை எழுதுவது எனக்குப் புதிது. ஆயினும், என் தங்கை மகளின் பையன் அமெரிக்காவில் என்.சி.ஏ.ஏ. என்ற கல்லூரி விளையாட்டு அமைப்பின் இரண்டாம் பிரிவில் கூடைப்பந்து ஆடியவன் என்பதாலும், 2023 வசந்த காலத்தில் அவன் அந்த அமைப்பின் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில், அதாவது கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்களின் இணையப் பதிவேட்டில், பெயர் கொடுத்துவிட்டு இரவெல்லாம் எங்கள் வீட்டுத் தொலைபேசிக்கு அழைத்துப் புலம்பியதாலும், அந்தச் சேவை ஓர் ஆட்டக்காரனுக்கும் ஓர் அணிக்கும் என்ன செய்கிறது என்பதை முகப்புத் திண்ணையில் உட்கார்ந்தபடியே கூர்ந்து பார்க்க நேர்ந்தது.

போர்ட்டல் 2018 அக்டோபரில் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பு, கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரன் தன் பயிற்சியாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர் விரும்பாவிட்டால் பிற கல்லூரிகள் அவனோடு பேசவே முடியாமல் தடுத்துவிடலாம். இப்போது அனுமதி தேவையில்லை. விதிமுறைகளைக் கவனிக்கும் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். பெரிய அணிகள் ஆடும் முதல் பிரிவில் இரண்டு வேலை நாட்களுக்குள் கல்லூரி அந்தப் பெயரைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்று விதி வகுத்தார்கள். ஏறியவுடன் நாட்டிலுள்ள எந்தப் பயிற்சியாளரும் அவனை அழைக்கலாம். கட்டணம் கிடையாது. நம் ஊர்த் திருமணத் தகவல் நிலையத்தில் ஜாதகத்தைப் பதிந்துவிட்டுக் காத்திருப்பது போன்ற ஏற்பாடுதான், ஒரு வேறுபாட்டோடு: நம் நிலையத்தில் பையன் வீட்டாரும் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கலாம், போர்ட்டலில் பெயர் கொடுத்த ஆட்டக்காரன் அதைத் திறந்துகூடப் பார்க்க முடியாது. பயிற்சியாளர்களும் கல்லூரி அலுவலர்களும் மட்டுமே உள்ளே நுழையலாம். தன் பெயர் சரியாக ஏறியிருக்கிறதா, தொலைபேசி எண் பிழையின்றி இருக்கிறதா என்பதை அவன் பிறர் வாயிலாகத்தான் கேட்டறிய வேண்டும். ஒரு சேவையின் பயனாளரையே வாசலுக்கு வெளியே நிறுத்தும் இந்த அமைப்பை எவ்வளவு யோசித்தும் என்னால் ஏற்க முடியவில்லை.

இந்தப் பதிவேடு நிரம்பி வழிந்ததற்கு 2020ஆம் ஆண்டு ஒரு பெரிய காரணம். அந்த ஆண்டு மார்ச் 12 அன்று, கோவிட் பரவலால், ஆண்கள் பெண்கள் இருபாலரின் தேசியப் போட்டித் தொடர்களும் நிறுத்தப்பட்டன. 1939இல் தொடங்கிய ஆண்கள் தொடர் ஓர் ஆண்டு நடக்காமல் போனது அதுவே முதல் முறை. 28 வெற்றி, 3 தோல்வி என்ற கணக்கோடு தரவரிசையில் முதலிடத்தில் இருந்த கன்சாஸ் அணி, அந்த வலிமையைக் காட்ட மேடையே இல்லாமல் வீடு திரும்பியது. அடுத்த பருவம் இன்னும் சிக்கலானது. ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட எட்டுக் கல்லூரிகளின் கூட்டமைப்பான ஐவி லீக் 2020-21 பருவத்தை முழுவதுமாகக் கைவிட்டது; இரண்டாம் பிரிவிலும் பல கூட்டமைப்புகள் அவ்வாறே செய்தன. ஆடிய அணிகளும் பல போட்டிகளைத் தள்ளிவைத்து, பெரும்பாலும் வெற்று அரங்குகளில் ஆடின. ஆகவே, ஆடினாலும் ஆடாவிட்டாலும் அந்தப் பருவம் யாருடைய கணக்கிலும் சேராது என்று என்.சி.ஏ.ஏ. 2020 அக்டோபரில் முதல் பிரிவுக்கு அறிவித்தது. நான்கு பருவங்கள் ஆடும் தகுதி கொண்டவனுக்கு ஐந்தாவது பருவம் கைக்கு வந்தது இப்படித்தான்.

கேட்பதற்கு நியாயமான முடிவு. நானும் அதைக் குறை கூற மாட்டேன். ஆனால் ஓர் அணியில் இடங்கள் எண்ணி வைக்கப்பட்டவை. முதல் பிரிவு ஆண்கள் அணிக்கு அப்போது 13 உதவித்தொகைகள்தாம். அதே கல்லூரியில் தங்கிய நான்காம் ஆண்டு ஆட்டக்காரர்களை 2021-22 பருவத்துக்கு மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்காமல் விட்டார்கள். வேறு கல்லூரிக்குப் போனவர்கள் அங்கே 13க்குள் அடங்க வேண்டியிருந்தது. வெளியேற வேண்டியவர்கள் வெளியேறவில்லை. உள்ளே வர வேண்டியவர்கள் வாசலில் நின்றார்கள்.

பர்மாவில் கடை வைத்திருந்த காலத்தை எங்கள் ஐயா சொல்லக் கேட்டிருக்கிறேன். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, கணக்குப் பழகி, அடுத்தாளாக உயர்ந்து, பிறகுதான் ஒருவர் கடையைப் பொறுப்பேற்று நடத்துவார். மூன்று ஆண்டுக் கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பி, அடுத்தவருக்கு இடம் விடுவார். மேலே இருப்பவர் உரிய காலத்தில் கப்பல் ஏறாவிட்டால் கீழே இருக்கும் பையன் கடைசி வரைக்கும் பெட்டியடியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கல்லூரி அணியும் அப்படி நடந்த ஒரு கடையே. முதலாண்டுப் பையன் பெஞ்சில் அமர்ந்து பார்ப்பான், இரண்டாம் ஆண்டில் பத்து நிமிடம் ஆடுவான், நான்காம் ஆண்டில் பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்துவான். ரத்தான ஒரு பருவம் இந்த வரிசையை ஓராண்டுக்கு உறையவைத்தது. போர்ட்டல், உறைந்த வரிசையின் நடுவே வெளியாள் வந்து அமர வழி செய்தது.

என் பேரனுக்கு நடந்ததும் இதுவே. பென்சில்வேனியா மாநிலத்துச் சிறு கல்லூரி ஒன்றில் 2019இல் சேர்ந்தான். முதல் பருவத்தில் அவ்வப்போது இறங்கினான். இரண்டாம் பருவம் நடக்கவே இல்லை. விடுதி அறையில் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தான். மூன்றாம் பருவத்தில் தனக்கு இடம் வரும் என்று எதிர்பார்த்தபோது, போக வேண்டிய இரண்டு மூத்தவர்கள் தங்கிவிட்டார்கள். போதாததற்கு, வேறொரு கல்லூரியில் பட்டம் முடித்த 23 வயது ஆட்டக்காரர் ஒருவரைப் பயிற்சியாளர் போர்ட்டலிலிருந்து அதே இடத்துக்கு அழைத்து வந்தார். நான்காம் பருவத்தில் பேரன் நன்றாகவே ஆடினான். பட்டம் கையில் இருந்தது, ஒரு பருவத் தகுதி மிச்சம் இருந்தது, ஆனால் அந்தக் கல்லூரியில் அவன் விரும்பிய முதுகலைப் படிப்பு இல்லை. எனவே பெயர் கொடுத்தான்.

பெயர் ஏற ஆறு நாட்கள் ஆயின. அதன் பிறகு பதினொரு நாட்கள் ஓர் அழைப்பும் இல்லை. பெயர் கொடுத்தவனின் உதவித்தொகையை அந்தக் கல்விப் பருவ முடிவோடு பழைய கல்லூரி நிறுத்திவிடலாம் என்பதைப் பலரும் பெயர் கொடுத்த பிறகே உணர்கிறார்கள். பேரனுக்கும் அந்தக் கடிதம் வந்தது. "ஐயா, இருந்த வீட்டையும் காலி பண்ணிட்டேன், புது வீடும் கிடைக்கலை," என்று அவன் சொன்னபோது இங்கே இரவு இரண்டு மணி. பன்னிரண்டாம் நாள் தொடங்கி மூன்று கல்லூரிகள் அழைத்தன. ஒன்று பாதிக் கட்டணத்தை ஏற்பதாகச் சொன்னது, அங்கே சேர்ந்தான். பதிவேட்டில் ஏறாதவனோடு பேசக் கூடாது என்பது பயிற்சியாளர்களுக்கு உள்ள விதி. ஆனால் பெயர் ஏறிய மறுநாளே சிலர் புதிய கல்லூரியை அறிவிப்பதைப் பார்க்கும்போது, தரகர் வழியாகப் பேச்சு முன்பே முடிந்து, ஜாதகம் ஒப்புக்குத்தான் பரிமாறப்பட்டது என்று நம் ஊரில் எவரும் சொல்லிவிடுவார்கள்.

அணியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தச் சேவை எவ்வளவு உதவுகிறது? இதற்கு 2022ஆம் ஆண்டு ஆண்கள் தேசியத் தொடரின் இறுதிப் போட்டியைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. நம் ஊரில் ஏப்ரல் 5 காலை, காபி ஆறிக்கொண்டிருக்க, கைபேசியில் புள்ளிகள் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவேளையில் 15 புள்ளி பின்தங்கியிருந்த கன்சாஸ் 72-69 என்று வட கரோலினாவை வென்றது. இரண்டு அணிகளிலும் ஐந்தாம் பருவத்துக்காக வேறு கல்லூரியிலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள்: கன்சாஸில் அரிசோனா ஸ்டேட்டிலிருந்து வந்த ரெமி மார்ட்டின், வட கரோலினாவில் ஓக்லஹோமாவிலிருந்து வந்த பிரேடி மேனெக். மார்ட்டின் அன்று 14 புள்ளிகள் எடுத்தார். அதை மட்டும் பார்ப்பவர்கள் போர்ட்டலுக்கு ஐந்து நட்சத்திரமும் கொடுத்துவிடுவார்கள். நான் வேறொன்றையும் பார்க்கிறேன். ஓச்சாய் அக்பாஜி, டேவிட் மெக்கார்மக், கிறிஸ்டியன் பிரான் மூவரும் 2020இல் தொடர் ரத்தானபோது அதே கன்சாஸ் அணியில் இருந்தவர்கள். ஒருவர் எதிராளியின் வழியை மறித்து நின்று ஸ்கிரீன் வைக்கும்போது மற்றவர் எந்தப் பக்கம் வெட்டி ஓடுவார் என்பதைச் சொல்லாமலே அறிந்த அந்த மூவருக்கு நடுவே நான்காவது ஆளாகப் போய் நின்றவர் மார்ட்டின். அவரும் முழங்கால் காயத்தால் பருவத்தின் நடுவே பல ஆட்டங்களை இழந்து, மார்ச்சில்தான் முழு வீச்சில் ஆடினார்.

ரத்தான பருவமும், பட்டம் முடித்தபின் வேறு கல்லூரிக்கு மாறுவதும் ஒரே மனிதரிடம் சந்தித்த கதை பால் அட்கின்சனுடையது. யேல் பல்கலைக்கழகத்தில் ஆடிய அவர் 2020இல் ஐவி லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதைப் பகிர்ந்துகொண்டவர். அடுத்த பருவம் ரத்து. ஐவி லீக்கோ முதுகலை மாணவர்களை ஆட விடாத கூட்டமைப்பு. அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் விதியைத் தளர்த்தியது, ஆனால் அதற்குள் அவர் நாட்டர்டேம் பல்கலைக்கழகத்துக்குப் போக முடிவு செய்துவிட்டார். 2022 மார்ச்சில் ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணிக்கு எதிராக இரண்டு கூடுதல் நேரம் வரை நீண்ட ஆட்டத்தில் 26 புள்ளிகள் எடுத்து, கடைசி நொடிகளில் தவறிய பந்தைத் திரும்ப வளையத்துக்குள் போட்டு 89-87 என்று முடித்துவைத்தவரும் அவரே. யேல் நான்கு ஆண்டுகள் வளர்த்த பயிரின் கடைசி அறுவடை வேறொரு களத்துக்குப் போனது. இத்தகைய சிறு அணிகளுக்கு இந்தச் சேவை எதையும் திருப்பித் தருவதில்லை என்பது என் இரண்டாவது பெரும் குறை.

நம் பக்கமும் இது முற்றிலும் புதிதல்ல. மூன்று ஆண்டுகள் இளங்கலையில் நான் பழக்கிய பையன், முதுகலைக்கு வேறொரு கல்லூரியில் விடுதியும் சாப்பாடும் இலவசம் என்றவுடன் போய்விடுவான். அடுத்த மண்டலப் போட்டியில் எங்களுக்கு எதிராகவே இறங்குவான். 2020-21இல் போட்டிகள் இல்லாமல் போனபோது எங்கள் மூன்றாம் ஆண்டுப் பையன்களுக்கு ஐந்தாம் பருவம் என்று யாரும் எதையும் நீட்டவில்லை. அவர்கள் வேலைக்குப் போய்விட்டார்கள். அவ்வகையில், அமெரிக்க அமைப்பு செய்த கணக்குச் சலுகையைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்று தருவேன். அனுமதி கேட்டுக் கைகட்டி நிற்கும் நிலையை ஒழித்ததற்கு இரண்டு, செலவில்லாமல் நாடு முழுவதும் பெயரைக் கொண்டுசேர்ப்பதற்கு ஒன்று. முதல் பிரிவில் பெயர் கொடுக்கும் காலத்தை முதலில் 60 நாள், பிறகு 45, பிறகு 30 என்று சுருக்கியது பயிற்சியாளர்களுக்கு நிம்மதி தந்திருக்கலாம். பதினொரு நாள் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

பேரன் சேர்ந்த அணியில் அந்தப் பருவத்தில் 14 பேரில் 7 பேர் புதியவர்கள். நவம்பரில் ஒருவர் பெயரை ஒருவர் தவறாகக் கூப்பிட்டுக்கொண்டு தோற்றார்கள். ஜனவரியில் ஓர் அணியாகத் தெரிந்தார்கள். பிப்ரவரியில் பருவமும் அவன் ஆட்டமும் முடிந்தன. பழைய கல்லூரியில் அவன் விட்டுவந்த இடத்துக்குப் பள்ளி முடித்த பையன் எவனாவது வந்தானா என்று ஒருநாள் கேட்டேன். "இல்லை ஐயா, பட்டம் முடிச்ச ஒருத்தரைத்தான் எடுத்திருக்காங்க, அதே போர்ட்டலிலிருந்து," என்றான்.