வாகனத்துக்குச் சூரிய மின்: பற்றரி வேண்டுமா, வேண்டாமா?

திருகோணமலையில் கூரையில் சோலார் பனல் பூட்டி மின்சார வாகனத்தை சார்ஜ் செய்ய விரும்புவோர், மின்னைச் சேமிக்கும் தனிப் பற்றரியும் சேர்ப்பதா என்று தயங்குகின்றனர்.

செலவு: பற்றரி இல்லாத இணைப்பே மலிவு. பற்றரி சேர்ந்தால் முதலீடு வெகுவாக உயரும்.

மின்தடை: சாதாரண இன்வேர்ட்டர் (பனலின் மின்னை வீட்டு மின்னாக மாற்றும் கருவி), கம்பியில் வேலை செய்வோரின் பாதுகாப்புக்காக, கரண்ட் போனதும் உச்சி வெயிலிலும் தானாகவே நின்றுவிடும். பற்றரியுடன் கூடிய ஹைபிரிட் அமைப்பு தொடர்ந்து மின் தரும்.

உழைப்பு: நிலாவெளிக் கடற்காற்று இரு வகை அமைப்புகளையும் அரிக்கும், துருப்பிடிக்காத உருக்கு ஆணிகளையே கேட்டு வாங்குங்கள்.

பகலில் வாகனம் வீட்டில் நிற்குமாயின் பற்றரி வீண்செலவு என்பதே என் கருத்து. இரவில் சார்ஜ் செய்வோருக்கும், பகலில் மின் வலையமைப்புக்குக் கொடுத்த அலகுகளை இரவுப் பாவனையில் கழித்துக்கொள்ளும் நெற் மீற்றரிங் முறை பெரும்பாலும் போதும். மின்தடையிலும் வாகனம் தயாராக இருக்கவேண்டியவர்கள் பற்றரியை நாடலாம்; ஆயினும் மாரிகால முகில் மூட்டத்தில் அது முழுமையாக நிரம்பும் என எதிர்பார்க்க முடியாது.