க்ளோசபின் சாப்பிடுபவருக்கு ஆபரேஷனா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

என் அண்ணனுக்கு மனச்சிதைவு. அதற்குப் பத்து வருடமாக இரவில் க்ளோசபின் மாத்திரை, 300 மில்லிகிராம். வேலைக்குப் போய்க்கொண்டு நன்றாகத்தான் இருந்தார். போன மாதம் திடீரென்று வயிற்றுவலி.

அவசரப் பிரிவில் மாத்திரைச் சீட்டைக் காட்டினேன். அதைப் பார்த்த நொடியிலிருந்து டூட்டி டாக்டர் அண்ணனிடம் பேசவே இல்லை. என்னிடம்தான் கேட்டார்: "எப்பவும் இப்படித்தான் ஏதாவது சொல்லுவாரா?" வயிற்றில் கை வைத்துக்கூடப் பார்க்கவில்லை. வாயு மருந்து எழுதி அனுப்பிவிட்டார். மறுநாள் காய்ச்சலோடு போனபோதுதான் ஸ்கேன் எடுத்தார்கள். குடல்வால் வெடித்திருந்தது. அண்ணன் வலியில் கத்துகிற ஆள் இல்லை. இந்த நோய் உள்ளவர்களில் பலர் அப்படித்தான், வலியை அதிகம் வெளிக்காட்ட மாட்டார்கள்.

ஆபரேஷனைக் குறை சொல்ல மாட்டேன், நன்றாகவே செய்தார்கள். கூத்தெல்லாம் அதற்குப் பிறகு. மூன்று நாள் வாய்வழி எதுவும் கூடாது என்றார்கள், க்ளோசபினும் நின்றது. அவருடைய மனநல மருத்துவருக்கு ஒரு போன்கூடப் போடவில்லை. நான்காம் நாள் இரவு, பழைய சீட்டைப் பார்த்து நர்ஸ் 300-ஐ அப்படியே கொடுத்தார். சீட்டை நீட்டியதே நான்தான், எனக்கும் தெரியாது. இந்த மாத்திரை 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி 12.5 மில்லிகிராமில் தொடங்கித்தான் மெல்ல ஏற்ற வேண்டுமாம். விடிகாலையில் கழிப்பறைக்கு எழுந்தவர் சுருண்டு விழுந்தார். பிரஷர் அதலபாதாளத்தில்.

அது தேறியதும் வயிறு உப்பிக்கொண்டது. மலம் போகவில்லை என்று அண்ணனே இரண்டு நாளாகச் சொன்னார். "பதற்றம்" என்று தூக்க ஊசி போட்டார்கள். க்ளோசபினே குடலை மந்தமாக்கும். வலிக்குக் கொடுத்த டிரமடாலும் அதையே செய்யும். மனநல மருத்துவரை நானே போனில் பிடித்துப் பேச வைத்த பிறகுதான் வயிற்றைப் பார்த்தார்கள்.

அட்மிஷன் அன்றே கடைசி மாத்திரை சாப்பிட்ட நேரத்தையும் மனநல மருத்துவரின் எண்ணையும் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைக் கண்ணால் பாருங்கள். லித்தியம் (இதுவும் மனநல மருந்துதான்) எடுப்பவர் என்றால் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் போன்ற வலி மருந்து கொடுக்கும்முன் கேள்வி கேளுங்கள், ரத்தத்தில் லித்தியம் ஏறிவிடும். புகைபிடிப்பவர் வார்டில் சிகரெட்டை நிறுத்தினாலே ரத்தத்தில் க்ளோசபின் அளவும் ஏறும். அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

டிஸ்சார்ஜ் சீட்டில் அண்ணன் விழுந்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. "நோயாளி ஒத்துழைக்கவில்லை" என்று மட்டும் இருந்தது.