வீட்டு முகவரியா, பார்சல் லாக்கரா?

இணைய ஏலத்தில் பழைய நாணயங்கள் விற்கிறேன். ஏலம் முடிந்ததும் வாங்கியவரின் வீட்டுக்கே அனுப்புவதா, அவர் சொல்லும் பார்சல் லாக்கரில் (குறியீடு போட்டுத் திறந்து பார்சலை எடுத்துக்கொள்ளும் பொதுப் பெட்டியில்) சேர்ப்பதா?

சிங்கப்பூரில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடே பெரும்பாலும் ஒரு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கைக் காட்டிவிடும். மாடியும் வீட்டு எண்ணும் சேர்ந்தால் வாசற்கதவு வரை வழி தெரிந்துவிடும். விலையுள்ள நாணயம் எந்த வீட்டுக்குப் போகிறது என்பது எனக்குத் தெரிகிறது, பார்சலைக் கையாள்பவர்களுக்கும் தெரியலாம். எனக்கு இது சரியாகப் படவில்லை.

லாக்கருக்கு வீட்டு எண் தேவையில்லை. ஆனால் திறப்பதற்கான குறியீடு போய்ச்சேர கைப்பேசி எண் வேண்டும். அதுவும் தனிப்பட்ட விவரம்தான். பொருள் கிடைத்துவிட்டது, குறையில்லை என்று அவர் சொன்னதும் அந்த எண்ணை அழித்துவிடுவேன். பெரிய பெட்டி லாக்கரில் நுழையாது. அப்போது முகவரிதான் வழி.

2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களுக்கு விதித்த கடமைகள், சொந்தப் பொருளைத் தனிப்பட்ட முறையில் விற்பவருக்குப் பொருந்தாது. வாங்கியவரின் விவரத்தைக் காப்பது என் பொறுப்பாகவே விடப்படுகிறது. அதனால்தான் நான் லாக்கர் பக்கம் நிற்கிறேன்: கேட்டு வாங்காத முகவரி என்னிடமிருந்து கசியாது. அப்புறம், பார்சலைப் படம் எடுத்தால் ஒட்டுச்சீட்டை மறைத்துவிடுங்கள்.