உறவினரைத் தேடலுக்குள் அழைத்துவருகிறதா ஃபேமிலிசர்ச்?

வம்சாவளி தேடுவோருக்கான இணையச் சேவைகளை மதிப்பிடுகிறவர்கள், அந்தச் சேவையின் கிடங்கில் எத்தனை கோடி ஆவணங்கள் இருக்கின்றன என்பதையே பெரும்பாலும் முதலில் பார்க்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு இந்த வேலையைச் செய்கிறவருக்கு அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு. நமக்கு வேண்டிய மூலங்கள் சபைப் பதிவேட்டிலும், இரும்புப் பெட்டியில் கட்டிவைத்த பழைய பிரமாணங்களிலும் (சொத்துப் பத்திரங்களிலும்), வயதான அத்தையின் நினைவிலும்தான் இருக்கின்றன. வீட்டார் மனம் வைக்காவிட்டால் பாட்டாவின் (தாத்தாவின்) அப்பா பெயரோடு தேடல் நின்றுவிடும். ஆகவே ஃபேமிலிசர்ச் என்ற இலவசச் சேவையை நான் ஒரே ஒரு நோக்கில் பார்க்கிறேன்: வம்ச வரலாற்றில் அக்கறையே இல்லாத உறவினரை அது இந்த வேலைக்குள் கொண்டுவருகிறதா?

சேவை யாருடையது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைத் தலைமையிடமாகக் கொண்ட பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை, அதாவது மார்மன் சபை என்று பரவலாக அறியப்படும் அமைப்பு, இதை நடத்துகிறது. 1894இல் அவர்கள் தொடங்கிய வம்சாவளிக் கழகமே இதன் தோற்றுவாய். 1938 முதல் உலகெங்கும் பதிவேடுகளை நுண்படமாக எடுத்துச் சேர்த்து, ஏறத்தாழ 24 லட்சம் படச்சுருள்களை 2021இல் முழுமையாகக் கணினிமயமாக்கி முடித்தார்கள். கணக்குத் தொடங்கவோ, தலைமுறைகளைக் காட்டும் குடும்ப மரம் அமைக்கவோ, ஆவணங்களைத் தேடவோ பணம் கேட்பதில்லை. இறந்துபோன முன்னோர்களுக்காக உயிரோடிருக்கும் ஒருவர் நின்று ஞானஸ்நானம் பெறலாம் என்பது அந்தச் சபையின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையே இவ்வளவு பெரிய உழைப்புக்குக் காரணம்.

எங்கள் அத்தை தென்னிந்தியத் திருச்சபையில் (சிஎஸ்ஐ) வேரூன்றியவர். இதைக் கேட்டவுடன் கைப்பேசியைத் தள்ளிவைத்துவிட்டார். அவருடைய தயக்கம் நியாயமானது என்றே நான் நினைக்கிறேன். தத்தம் முன்னோர், உறவினர் பெயர்களை மட்டுமே இந்தச் சடங்குக்குக் கொடுக்க வேண்டும் என்று அந்தச் சபை தன் உறுப்பினர்களுக்கு விதித்திருக்கிறது என்பதையும், மரத்தைப் பயன்படுத்துவதற்காக நாம் எந்தச் சமய உறுதியும் அளிக்க வேண்டியதில்லை என்பதையும் விளக்கிய பிறகு, அத்தை பெயர்களைச் சொல்லத் தொடங்கினார். இந்த விளக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுவது உறவினருக்குச் செய்யும் மரியாதை.

அக்கறையின்மை என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் பல வேறு காரணங்கள் இருக்கின்றன. பெரியப்பா மகனான எங்கள் அண்ணன், "செத்தவங்க கணக்கு எதுக்கு மக்கா, இருக்கிறவங்களப் பாரு" என்றார். அது வாழ்க்கைப்பாட்டில் களைத்த ஒருவரின் பேச்சு. வேறொரு வீட்டில், பழைய பிரமாணத்தைப் பார்க்கலாமா என்று கேட்டதுமே பேச்சு குறைந்தது. பாகப்பிரிவினையில் விட்டுப்போன பங்குக்கு யாரோ வழி தேடுகிறார்கள் என்ற அச்சம் அங்கே இருந்தது. நன்றாகப் படித்து உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற சித்தி ஒருவரோ, மூத்த பாட்டா பனையேறினார் என்பதை எழுத வேண்டாம் என்று தனியே அழைத்துக் கேட்டுக்கொண்டார். நான் அதை எழுதத்தான் செய்தேன், அவரிடம் சொல்லிவிட்டே எழுதினேன். விடியுமுன் பனையில் ஏறி இறங்கிய உழைப்பில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய மனிதரின் தொழில் மறைக்கத்தக்கதன்று என்பது என் உறுதியான எண்ணம். ஃபேமிலிசர்ச்சில் தொழிலைக் குறிக்கத் தனி இடம் இருப்பதை நான் பெரிய நன்மையாகக் கருதுகிறேன்.

இவர்கள் யாரையும் மரத்தின் வரைபடம் ஈர்க்கவில்லை. விசிறி வடிவில் தலைமுறைகளை விரித்துக் காட்டும் படம் இந்தச் சேவையில் பார்வைக்கு மிக அழகான பகுதி; தாய்வழியையும் தந்தைவழியையும் ஒரே அளவில் காட்டுவதால், 1920களின் சட்டங்கள் வரும்வரை மருமக்கள்வழி (தாய்வழியில், சகோதரியின் பிள்ளைகளுக்குச் சொத்து போகும் முறை) நடந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களுக்கும் நாயர் குடும்பங்களுக்கும் அது மிகப் பொருத்தமாக இருக்கும். ஆனால் முடித்துவைத்த படத்தைக் காட்டினால் உறவினர் "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியைத் திருப்பித் தந்துவிடுகிறார்கள். தன்னால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு சிறு வேலை கையில் கொடுக்கப்படும்போதுதான் அவர்கள் அருகில் வந்து உட்கார்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் இதை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன்.

சித்தப்பாவின் மாற்றம் இதற்குத் தெளிவான சான்று. முன்னோரைப் பற்றிய பேச்சு எழுந்தாலே எழுந்து வெளியே போய்விடுகிறவர் அவர். விளவங்கோடு வட்டத்தில் அந்தக் காலத்தில் பலரைப் போல அவரும் மலையாளத்தில் பள்ளிப்படிப்பு படித்தவர். எங்களிடம் இருந்த பழைய பிரமாணம் ஒன்று மலையாளத்தில் எழுதப்பட்டு, தேதி மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டில் குறிக்கப்பட்டிருந்தது. எங்கள் தலைமுறையில் அதை வாசிக்க ஆளில்லை. அதை அவரிடம் கொடுத்ததும் கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, வரிவரியாக வாசித்து, எழுதிக் கொடுத்தவர் யார், சாட்சியாகக் கையெழுத்திட்டவர் யார், எல்லையாகச் சொல்லப்பட்ட விளை (தோட்டம்) யாருடையது என்று சொல்லிக்கொண்டே போனார். சாட்சிகளுள் ஒருவர் குடும்பத்தில் எவரும் நினைவுகூராத ஒரு தாய்மாமன். அன்று முதல் அந்த மாமனின் பிள்ளைகள் யார் என்ற தேடலைச் சித்தப்பாவே ஏற்றுக்கொண்டு, கல்யாண வீடு, துட்டி (சாவு) வீடு எங்கே போனாலும் விசாரிக்கிறார்.

இத்தகைய வேலைக்கு ஃபேமிலிசர்ச் எப்படி ஒத்துழைக்கிறது என்று பார்த்தால், தேதிப் பகுதி மெச்சத்தக்கது. நாம் தட்டச்சு செய்த தேதி அப்படியே நிற்கும். அதன் பக்கத்தில் கணினி புரிந்துகொள்ளும் சீர்செய்த தேதியையும் குறிக்கலாம். கொல்லம் ஆண்டு ஆவணியில், அதாவது மலையாளச் சிங்கத்தில், தொடங்குவதால் அந்த மாதம் முதல் டிசம்பர் முடிய 824ஐயும், ஜனவரிக்குப் பின் 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். திருவிதாங்கூரைப் புரட்டிப்போட்ட 'தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம்' கொல்லம் 1099 கர்க்கடகத்தில் (ஆடியில்), அதாவது 1924இல் வந்தது. "வெள்ளத்தப்போ அவ கைக்குழந்தை" என்று அத்தை சொன்ன ஒரு வாக்கியம், எந்தப் பதிவேட்டிலும் இல்லாத ஒரு பிறப்பாண்டை எங்களுக்குத் தந்தது. அவர் சொன்ன சொற்களையே காரணக் குறிப்பாக எழுதிவைக்க அங்கே இடம் இருக்கிறது. பின்னால் வருகிறவர் அந்த ஆண்டை எதை வைத்துக் கணித்தோம் என்று அறிந்துகொள்வார்.

இடப்பெயர்ப் பகுதி அவ்வளவு எளிதாக அமைவதில்லை. நம் மேற்குப் பகுதிக் குடும்பங்களை ஊர்ப்பெயரைவிட, வீடு நின்ற விளையின் பெயரால்தான் அடையாளம் காண்பார்கள்; சேவையின் இடப்பட்டியல் அந்த நுணுக்கத்துக்கு இறங்காது. விளைப் பெயரை நாமே தட்டச்சு செய்து, அருகிலுள்ள ஊரையோ வட்டத்தையோ சீர்செய்த இடமாகத் தேர்ந்தெடுப்பதே வழி. நிகழ்ச்சி நடந்த காலத்தில் அந்த இடம் எந்த ஆட்சியில் இருந்ததோ அதன்படி எழுதுவது வம்சாவளி எழுதுவோரின் வழக்கம். அதன்படி பார்த்தால், எங்கள் பாட்டி ஒரே வீட்டில் இருந்துகொண்டே திருவிதாங்கூர் சமஸ்தானத்திலும், 1949 ஜூலை முதல் திருவிதாங்கூர்–கொச்சியிலும், 1956 நவம்பர் 1 முதல் சென்னை மாநிலத்திலும் வாழ்ந்திருக்கிறார். மஸ்கட்டில் வேலை பார்க்கும் மருமகனுக்கு முன்னோர் பெயர்களில் பெரிய ஈடுபாடு இருந்ததில்லை. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய 4 வட்டங்களும் தமிழகத்தோடு இணைந்த வரலாற்றை அவன் தானாகத் தேடிப் படிக்கத் தொடங்கியது இந்த ஒரு கட்டத்தை நிரப்பச் சொன்ன பிறகுதான்.

படங்களும் குரல்பதிவுகளும் சேர்க்கும் 'நினைவுகள்' பகுதிதான் என் மதிப்பீட்டில் இந்தச் சேவையின் உயிர்நிலை. ஒரு பழைய கல்யாணப் படத்தை ஏற்றி, அதிலுள்ள ஒவ்வொரு முகத்தையும் குறித்துப் பெயரிட்டால், அந்தப் படம் அவரவர் பக்கத்திலும் தானே போய் நிற்கும். பெயர் தெரியாத முகங்களைத்தான் நான் உறவினருக்குக் காட்டுகிறேன். "இது யாரு?" என்ற கேள்விக்குத் தெரியாது என்று சொல்லி எழுந்துபோனவரை நான் இன்னும் பார்க்கவில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பார், மூன்றாமவர் பக்கத்து வீட்டு மைனிக்கு (அண்ணிக்கு) போன் போடுவார். மூத்த பாட்டாவைப் பற்றி எழுத வேண்டாம் என்ற சித்தி, அக்கானி (பதநீர்) காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றிய முறையை, அடுப்பின் அமைப்பு முதல் சிரட்டையில் ஊற்றும் பதம் வரை, தன் குரலில் பதிந்து தந்திருக்கிறார். அந்தக் குரல் இப்போது பனையேறிய அந்த மனிதரின் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே இருக்கட்டும் என்று சொன்னவரும் அவரேதான்.

ஆவணத் தேடல் பகுதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இந்தியாவுக்கென்று அங்கே காட்டப்படும் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பட்டியல்கள் மிகுதியும் ஆங்கிலேய ஆட்சிக்கால ஐரோப்பியரையும் அவர்கள் வழிவந்தோரையும் சார்ந்தவை. அரித்துவாரில் பண்டாக்கள் என்ற புரோகிதர்கள் வைத்திருக்கும் யாத்திரைக் குறிப்பேடுகள் வட இந்தியக் குடும்பங்களுக்குப் பெரும் புதையல். நமக்கு உதவுவது உள்ளூர் ஏடுகளே. 1806இல் லண்டன் மிஷன் என்ற புராட்டஸ்டண்ட் அமைப்பின் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்து, 1818இல் அதே அமைப்பின் மீட் நாகர்கோவிலில் பணி தொடங்கியதிலிருந்து வளர்ந்த சபைகளின் பதிவேடுகளும், கத்தோலிக்கரின் கோட்டாறு மறைமாவட்டம் 1930இல் தனியாக அமைவதற்கு முன்பிருந்தே பங்குகளில் எழுதப்பட்டுவந்த ஏடுகளும் நம்முடைய உண்மையான கிடங்குகள். எங்கள் குடும்பத்தின் ஒரு கிளை லண்டன் மிஷன் காலத்தில் கிறிஸ்தவத்தைத் தழுவியது. இன்னொரு கிளை இன்றும் குடும்பக் கோயிலில் கொடை நடத்துகிறது. சபைப் பதிவேட்டில் ஞானஸ்நானப் பெயருக்கு முன்னால் வரும் பழைய பெயரை அந்தக் கிளையினரிடம் காட்டியபோது, அது தங்கள் பாட்டாவின் அண்ணன் பெயர் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். அவ்வாண்டு எங்கள் சபையின் அசன விருந்துக்கு (பொது உணவுக்கு) அவர்கள் வந்திருந்தார்கள்.

குடும்பத்தை வெளியே நிறுத்தும் அமைப்புகளும் சில உண்டு. அவற்றை அறிந்தே தொடங்க வேண்டும். உயிரோடு இருப்பவர்களின் விவரம் சாதாரணமாக அதைச் சேர்த்தவருக்கு மட்டுமே தெரியும். அந்தரங்கத்தைக் காக்கும் நல்ல விதி இது; ஆனால் மரத்தில் தன் பெயரையே காணாத மருமகள் அந்தப் பக்கத்தை மறுபடி திறக்க மாட்டாள். குடும்பக் குழு ஒன்றை அமைத்து உறவினரைச் சேர்த்தால் இந்தக் குறை தீரும். இறந்தவர்களின் பக்கமோ உலகுக்கே பொதுவானது. கணக்குள்ள எவரும் அதைத் திருத்தலாம். ஒவ்வொரு திருத்தமும் யாரால் எப்போது செய்யப்பட்டது என்று பதிவாகி, பழையபடி மீட்கவும் முடியும் என்பதால் நான் இதைக் குறையாகக் கருதவில்லை. ஆனால் சர்ச்சைக்குரிய குடும்பச் செய்திகளை அங்கே எழுதுமுன் நெருங்கியவர்களைக் கலந்துகொள்ள வேண்டும். பிரமாணங்களின் படங்களை ஏற்றவே வேண்டாம் என்பது என் அழுத்தமான பரிந்துரை. அதிலிருந்து பெயர்களையும் ஆண்டையும் மட்டும் எடுத்துக்கொண்டு, சர்வே எண்ணைத் தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தபோதுதான், பேச்சைக் குறைத்துக்கொண்ட அந்த வீட்டிலும் பெட்டி திறந்தது.

முறைப்பெண்ணையும் அக்காள் மகளையும் மணந்த குடும்பங்களில் ஒரே மனிதர் மரத்தின் இரண்டு இடங்களில் தோன்றுவார். அதைப் பார்த்துப் பிழையென்று எண்ணி ஒருவரை நீக்கிவிடக் கூடாது. இரண்டு இடங்களும் ஒரே பக்கத்துக்கு இட்டுச்செல்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

அடையாள எண், கடவுச்சொல் என்று மூத்தவர்களை அலைக்கழிக்க வேண்டியதில்லை. வீட்டில் ஒருவர் கணக்கு வைத்துக்கொண்டு, மற்றவர்களிடம் படத்தையோ தாளையோ கைப்பேசிப் பதிவையோ கொண்டுபோவதே எங்கள் பக்கத்து வீடுகளுக்கு ஏற்ற முறை. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஃபேமிலிசர்ச் மரத்தை, வம்சாவளி மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஜெட்காம் கோப்பாக அங்கிருந்து நேரடியாக இறக்க முடியாது, அதற்கு வேறு மென்பொருளின் துணை வேண்டும். அதனால் கிராம்ப்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளில் எங்களுக்கென்று ஒரு படியைத் தனியே வைத்திருக்கிறோம். அந்தப் படியைப் பராமரிப்பவன் மஸ்கட் மருமகன். சித்தப்பா விசாரித்து வரும் பெயர்களை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவனே போன் செய்து கேட்டு எழுதிக்கொள்கிறான்.