தாடை ஆபரேஷன் முடிஞ்சு பத்து மாசம்: தூக்கத்துல மூச்சு நிக்கிறவங்களுக்கு என் அனுபவம்

எனக்கு 39 வயசு, எடை 54 கிலோ, மலேசியாவுல பினாங்குக்காரி, வேலை தீவுப்பக்கம் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில, வீடு பாலத்துக்கு அந்தாண்ட பட்டர்வொர்த். எடையை ஏன் முதல்லயே சொல்றேன்னா, குறட்டையும் தூக்கத்துல மூச்சு நிக்கிறதும் குண்டா இருக்கற ஆம்பளைங்களுக்குத்தான் வரும்னு எல்லாரும் நெனச்சிக்கிறாங்க, நான் பார்த்த டாக்டருங்க ரெண்டு பேரும் அப்படித்தான் நெனச்சாங்க. நாலு வருஷமா காலையில எந்திரிச்சா தலைவலி, வாய் காஞ்சு கெடக்கும், எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் தூங்கின மாதிரியே இருக்காது. ஒரு கிளினிக்ல ரத்தம் கம்மின்னு மாத்திரை குடுத்தாங்க, இன்னொரு எடத்துல ஸ்ட்ரெஸ்னு சொல்லி அனுப்பிட்டாங்க.

என் வீட்டுக்காரர்தான் ஒரு ராத்திரி போன்ல ரெக்கார்ட் பண்ணி வச்சாரு. குறட்டை கேக்குது, அப்புறம் சத்தமே இல்ல, அவர் மெதுவா எண்ணுறது மட்டும் கேக்குது, இருபத்திரெண்டு, இருபத்திமூணு, அதுக்கப்புறம்தான் நான் மூச்சு முட்டி இழுக்கறேன். அதைக் கேட்டுட்டு அன்னிக்கு நான் வேலைக்கே போகல. அதுக்கு முன்னாடி ஒரு தடவை நைட் ஷிப்ட் முடிச்சு பினாங்கு பாலத்துல வரும்போது கண்ணு சொருகி, பக்கத்துல போன மோட்டர்சைக்கிள்காரர் ஹார்ன் அடிச்சதாலதான் முழிச்சேன், அதை வீட்டுக்காரர்கிட்ட சொல்லாம மறைச்சிருந்தேன், அன்னிக்குத்தான் சொன்னேன்.

ஸ்லீப் டெஸ்ட்ல ஏஎச்ஐ 41னு வந்துச்சு. மணிக்கு 41 தடவை மூச்சு நிக்குது, இல்லன்னா கொறஞ்சு போவுதுன்னு அர்த்தம். 5க்குக் கீழ இருந்தா பிரச்சினை இல்ல, 30க்கு மேல போனா கடுமையானதுன்னு கணக்கு. ரத்தத்துல ஆக்சிஜன் 79 சதவீதம் வரைக்கும் எறங்கியிருக்கு.

முதல்ல சிபேப் மிஷின்தான் குடுத்தாங்க, காத்தை அழுத்தி உள்ள தள்ளி தொண்டை மூடாம பாத்துக்கறது. அதைப் பத்தி நான் குறை சொல்ல மாட்டேன், ஒழுங்கா மாட்டினா நல்லாவே வேலை செய்யும், வெட்டாம கொள்ளாம சரி பண்ற வைத்தியம் அது. 14 மாசம் போட்டேன். என் முகம் சின்னது, தாடை உள்ள தள்ளியிருக்கு, நாலு விதமா மாஸ்க் மாத்தியும் ஓரத்துல காத்து கசிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, வயித்துக்குள்ள காத்து போய் உப்பசம், ராத்திரி ரெண்டு மணிக்கு நானே தெரியாம கழட்டி எறிஞ்சிருப்பேன். மிஷின்ல இருக்கற கணக்கைப் பாத்தா ஒரு ராத்திரிக்கு மூணு மணி நேரம் கூட தேறல.

அப்புறம்தான் வாய், தாடை சர்ஜன்கிட்ட போனோம். ஸ்கேன் படத்தைத் திருப்பித் திருப்பிக் காட்டி அவர் சொன்ன விதம் எனக்குப் புடிச்சிருந்துச்சு. நாக்கோட வேர் கீழ்த்தாடை எலும்போட உள்பக்கம் புடிச்சிருக்கு, உள்நாக்கு இருக்கற மெல்லிய அண்ணம் மேல்தாடையில தொங்குது, ரெண்டு தாடையும் பின்னாடி இருந்தா எல்லாம் சேந்து தொண்டையில இடிச்சுக்கிட்டு நிக்கும், தூங்கும்போது தசை தளர்ந்தா மூடிக்கும். அதனால ரெண்டு தாடையையும் வெட்டி கிட்டத்தட்ட 10 மில்லிமீட்டர் முன்னாடி நகத்தி டைட்டானியம் தகடும் ஸ்க்ரூவும் போட்டு நிறுத்திடுவாங்க. வெட்டுறதெல்லாம் வாய்க்குள்ளயேதான், வெளிய தழும்பு இல்ல.

சரியாயிடுமான்னு நேரா கேட்டேன். 2016ல வெளிவந்த ஒரு ஆய்வுத் தொகுப்பு, 45 ஆய்வுகளைச் சேத்துப் பாத்தது, அதைக் காட்டினாரு. சராசரி ஏஎச்ஐ 57லேர்ந்து 9.5க்கு எறங்கியிருக்கு, நூத்துக்கு 85 பேருக்கு நல்ல பலன், ஆனா 5க்குக் கீழ வந்து முழுசா குணமானது 38 பேருதான். அந்த ரெண்டாவது நம்பரையும் மறைக்காம சொன்னதாலதான் எனக்கு அவர்மேல நம்பிக்கை வந்துச்சு. குணமாயிடும்னு மட்டும் சொல்ற எடமா இருந்தா தயவுசெஞ்சு இன்னொருத்தர்கிட்டயும் கேளுங்க.

செலவு, பிரைவேட்ல பண்ணதால மைவி கார் ஒண்ணு வாங்கற காசுக்குக் கிட்ட வந்துருச்சு. இன்ஷூரன்ஸ்ல முதல்ல அழகுக்குப் பண்றதுன்னு சொல்லித் தள்ளிட்டாங்க, ஸ்லீப் டெஸ்ட் ரிப்போர்ட்டும் மிஷின் கணக்கும் வச்சு ஸ்பெஷலிஸ்ட் லெட்டர் எழுதிக் குடுத்தப்புறம்தான் ஒரு பகுதி கெடச்சுது. அரசாங்க ஆஸ்பத்திரியிலயும் இந்தத் துறை இருக்கு, காசு ரொம்பக் கம்மி, காத்திருக்க முடிஞ்சவங்க அங்கயும் கேட்டுப் பாருங்க. ஆபரேஷனுக்கு முன்னாடி எனக்கு ஒரு வருஷம் பல்லுக்குக் கம்பி வேற போட வேண்டியிருந்துச்சு.

டிசம்பர் கடைசியில ஆபரேஷன். வலி நான் பயந்த அளவுக்கு இல்ல, வீக்கம்தான் தாங்கல, மூணாவது நாள் கண்ணாடி பாத்து அழுதேன், மக என்னைப் பாத்துட்டு வாசல்லயே நின்னுட்டா. ரெண்டு தாடையையும் ரப்பர் போட்டு இழுத்துக் கட்டியிருப்பாங்க, வாந்தி வந்தா அறுக்கறதுக்காக தலகாணிக்குப் பக்கத்துல ஒரு சின்ன கத்தரிக்கோல் எப்பவும் இருந்துச்சு. வார்டு சேவைக்கு நான் நல்ல மார்க் குடுக்க மாட்டேன். வாயே தெறக்க முடியாதவளுக்குக் கோழித்துண்டு போட்ட கஞ்சியைக் கொண்டு வந்து வச்சாங்க, ரெண்டு தடவை, என்ன சாப்பிடலாம்னு சொல்ல ஒருத்தரும் வரல. சர்ஜன் கை நல்ல கை, ஆனா வீட்டுக்குப் போனப்புறம் ஆறு வாரம் எப்படி ஓட்டணும்னு சொல்லிக் குடுத்தது எங்க அத்தைதான். பருப்பும் முருங்கைக்கீரையும் வேக வச்சு அரைச்சு ரெண்டு தடவை வடிகட்டுவாங்க, ரசம், மைலோ, பழக்கூழ், எல்லாமே ஊசியில்லாத சிரிஞ்ச்ல கன்னத்து ஓரமா விடணும். அப்படியும் 6 கிலோ எறங்கிட்டேன்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போனப்போ தண்ணீர்ப் பந்தல்ல குடுத்த சாம்பார் சோத்தை நல்லாக் கொழைச்சு ரெண்டு ஸ்பூன் முழுங்கினேன், ஏழு வாரத்துல அதான் முதல் சோறு.

இப்ப கஷ்டமான விஷயம். கீழ்த்தாடைக்குள்ள ஓடற நரம்பு, வெட்டும்போது இழுபடறதால, உதடும் நாடியும் (மோவாயும்) மரத்துப் போயிடும். நெறைய பேருக்கு மெல்லத் திரும்பும், சிலருக்கு நெலச்சே போயிடும். எனக்கு உதடு வந்துருச்சு, இடது பக்க நாடி இன்னமும் பல்லுக்கு ஊசி போட்ட மாதிரிதான் இருக்கு, தே தாரிக் (ஆத்தின பால் டீ) குடிக்கும்போது வழிஞ்சாலும் தெரியாது, கடையில ஒக்காந்தா டிஷ்யூ கையிலயே வச்சிருப்பேன். முகமும் மாறும். மேலுதடு முன்னாடி வந்துருச்சு, மூக்கு கொஞ்சம் அகலமாயிருச்சு. சொந்தக்காரங்க அழகாயிட்டேன்னு சொல்றாங்க, எனக்கு என் பழைய முகம் அப்பப்ப ஞாபகம் வருது. இதை யாரும் முன்னாடியே எனக்கு அழுத்திச் சொல்லல, அதனாலதான் நான் சொல்றேன்.

ஆறாவது மாசம் திரும்ப ஸ்லீப் டெஸ்ட் எடுத்தோம். ஏஎச்ஐ 7. அஞ்சுக்குக் கீழ வரல, அதனால முழுக் குணம்னு சொல்ல முடியாது, ஆனா ஆக்சிஜன் 90க்குக் கீழ எறங்கவே இல்ல, தலைவலி போன எடம் தெரியல, நைட் ஷிப்ட் முடிச்சு பாலத்துல தெளிவா வண்டி ஓட்டிட்டு வரேன். வீட்டுக்காரர்தான் இன்னும் பழக்கத்துல ராத்திரி முழிச்சு என் மூச்சைக் கேட்டுட்டுப் படுக்கறாரு.

எனக்கு பலிச்சதுக்குக் காரணம் என் பிரச்சினை எலும்புல இருந்ததுதான். மிஷின் உங்களுக்கு ஒத்துக்கிட்டா அதை விடாதீங்க. ஆறு மாசமாச்சும் ஒழுங்கா போட்டுப் பாத்து, மாஸ்க் மாத்திப் பாத்து, அப்பவும் முடியலன்னா ஸ்கேன் எடுத்துப் பாருங்க.

பண்றதா முடிவு பண்ணிட்டீங்கன்னா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடியே நல்ல பிளெண்டர், நைஸ் வடிகட்டி, ஃபார்மசில பெரிய சிரிஞ்ச் பத்து, கொழந்தைங்க பல் தேய்க்கிற பிரஷ் ரெண்டு, படுக்கையில சாஞ்சு தூங்க மூணு தலகாணி வாங்கி வச்சுக்கோங்க. முதல் ரெண்டு வாரம் யாராச்சும் ஒருத்தர் ராத்திரி கூடவே இருக்கணும், கத்தரிக்கோல் எங்க இருக்குன்னு அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கணும்.